முரசுக்காரனின் மஞ்சள் கோட்டு

நாகல் நகரில் எனக்குப் பல் பிடுங்கிய மருத்துவர் ஒடிசலான மனிதர். ஊசி போட்டுவிட்டு, "செத்த நேரம் இருங்க சார், மரத்துரும்" என்பார். அந்தச் செத்த நேரத்தில், நெப்போலியன் காலத்துப் பொம்மைச் சிப்பாய்களுக்கு வர்ணம் பூசுவார். ஒவ்வொன்றும் விரல் உயரம்கூட இராது.

அன்று மேசையில் ஆங்கிலேயப் படை நின்றது. சிவப்புக் கோட்டு, மஞ்சள் காலர். கடைசியாக முரசுக்காரன். தூரிகையைச் சிவப்பில் தோய்த்து அவன் முதுகில் வைத்தார். எனக்குப் பகீரென்றது. முரசுக்காரனுக்கு மட்டும் நிறம் தலைகீழ்: கோட்டு மஞ்சள், காலர்தான் சிவப்பு. நானும் இதே பைத்தியம் பிடித்தவன். ஆனால் நாக்கு மரத்து, வாயில் பஞ்சு.

"ஆ... ஆ..." என்று கத்தினேன்.

"இன்னும் வலிக்குதா?"

மருந்துச் சீட்டை இழுத்து எழுதிக் காட்டினேன். அவர் முகம் வெளிறியது.

"ஆதாரம் இருக்கா?" என்றார், பல் பிடுங்கும் இடுக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு.

போனில் ஒரு பழைய ஓவியத்தைத் தேடிக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு இடுக்கியை வைத்துவிட்டுச் சிவப்பைத் துடைக்க ஆரம்பித்தார். வெளியே காத்திருந்தவர்கள் இரண்டு முறை கதவைத் தட்டினார்கள். அவர் மஞ்சளைக் குழைத்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக நிமிர்ந்து, "இப்பப் பிடுங்கிரலாமா சார்?" என்றார்.

என் உதட்டில் உணர்வு திரும்பியிருந்தது. இன்னொரு ஊசி கேட்கலாம்தான். கேட்டால், மரத்துப் போவதற்குள் முரசுக்காரனின் கோட்டுப் பொத்தான்களை ஆரம்பித்துவிடுவார்.

வாயைத் திறந்தேன்.