நேர்ச்சைப் பிலாவுக்கு நம்பர் போட்ட டீச்சர்

சுகிர்தபாய் டீச்சருக்குப் பொறுமை இல்லை என்று யாராவது சொன்னால் அவர்கள் முதலில் வாயைக் கழுவ வேண்டும். பாறசாலைக்கும் குளத்தூருக்கும் நடுவில் ஒரு பள்ளிக்கூடத்தில், தமிழ்ப் பிரிவுப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் கற்றுக்கொடுத்தவள் அவள். சனிக்கிழமையானால் பஸ் ஏறிப் பல்கலைக்கழகத்துக்குப் போவாள். 'இது எங்கள் துறை இல்லை' என்ற ஒரே பதிலை வாங்கிக்கொண்டு சாயங்காலம் திரும்புவாள். ஒரு சனி, இரண்டு சனி இல்லை, வருஷக்கணக்காக இதே பிழைப்பு. வேறு யாராவது என்றால் அந்த ஆராய்ச்சியைத் தூக்கி நெய்யாற்றில் எறிந்துவிட்டு ஒழுங்காகச் சோறு தின்றிருப்பார்கள்.

அப்படி என்ன கண்டுபிடிக்க முடியாத விஷயத்தையா எடுத்தாள்? ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்ததுதான். வீட்டில் குழந்தைக்குத் தீராத காய்ச்சல் வந்தால், பிரசவம் சிக்கலானால், முற்றத்துப் பிலாமரம் ஒன்றை ஊர்க் கிறிஸ்தவ சபைக்கென்று நேர்ந்து விடுவார்கள். அன்று முதல் அதன் சக்கையை, அந்தப் பலாப்பழத்தை, வீட்டில் யாரும் தொட மாட்டார்கள். அது அறுப்பின் பண்டிகைக்குச் சபைக்குப் போய் அங்கே ஏலத்தில் விற்கும். மரத்தில் கத்தியே படாது. தொண்ணூறுகளில் ரப்பர் விலை ஏறியபோது மாமரத்தையும் புளியையும் வெட்டித் தள்ளிவிட்டு ஊரே ரப்பர் கன்று வைத்தது. அப்போதும் நேர்ச்சைப் பிலா மட்டும் அசையாமல் நின்றது. எது நேர்ச்சை மரம் என்று ஒருவரும் எழுதி வைத்ததில்லை, எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். இதில் ஒரு ஆராய்ச்சி இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியது ஒரு குற்றமா?

பொருளாதாரத்துறை சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்: "மரத்த விற்கிறாங்களா? வாங்குறாங்களா? இல்ல. விலையில்லாத்த ஒரு சாதனத்த நான் எங்ஙனே அளக்கும் டீச்சரே? இது விசுவாசம். இறையியல் கல்லூரிக்குப் போங்க."

போனாள். இறையியல் கல்லூரி ஐயா கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்த நேரத்தில் கண்ணைத் திறந்து, "முதற்பலன் வேதத்தில் உண்டு. பிலாமரம் இல்லை. அதுவும் இந்து வீடுகளிலும் நேருகிறார்கள் என்கிறீர்கள். இது மரத்தைப் பற்றிய படிப்பு அம்மா, சுற்றுச்சூழல்காரர்களிடம் கேளுங்கள்" என்றார்.

சுற்றுச்சூழல்துறை மேடமோ, "ஜெபத்தை நான் டேப் வைத்து அளக்க முடியுமா? மரத்துக்கு அடையாளம் வேணும். பெயிண்டில் நம்பர் போட்டு, சுற்றளவு எடுத்துக்கொண்டு வாங்க, பிறகு பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார்.

சந்தையில் பாத்திரக்கடை வைத்திருந்த அவள் கணவன் ரெத்தினதாஸுக்கு இதைக் கேட்டு ஒரே சிரிப்பு. "மூணு வீட்டுக்காரனும் பாத்துட்டு வேண்டாம்ணு போன பெண்ணப் போலாக்கும் உனக்க ஆராய்ச்சி" என்றான்.

"நீங்க ஒண்ணு, சும்மா இரிங்க" என்று அவள் எரிந்து விழுந்தாள்.

சிரிக்க அவளுக்கு எங்கே நேரம்? டாக்டர் பட்டத்துக்குச் செய்த பதிவு காலாவதியாக ஒரு வருஷம்தான் பாக்கி. அதற்குள் யாராவது ஒரு துறை ஏற்றுக்கொள்ளாவிட்டால் இத்தனை வருஷத்து உழைப்பும் பாழ். டாக்டர் பட்டம் வாங்கி அவள் ஆகாயத்தில் பறக்கப் போவதில்லை. படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்களில் ஒருவராவது 'இது ஒரு விஷயம்தான் அம்மா' என்று சொல்லிக் கேட்க வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த அலைச்சல் எல்லாம்.

ஆகவே வெள்ளைப் பெயிண்ட் வாங்கினாள். ஓணத்துக்கு விட்ட லீவில் வீடு வீடாக நடந்து நேர்ச்சை மரங்களுக்கு நம்பர் போட்டாள். அடுத்த வீட்டு விமலகுமாரியின் பிலாவில் பதினேழு என்று எழுதினாள். விமலகுமாரி சபைக்காரி இல்லை, சாஸ்தா கோயிலுக்குப் போகிறவள். மகன் உண்ணி சின்ன வயதில் டைபாய்டில் கிடந்தபோது, எல்லா வாசலிலும் கும்பிட்டு ஓய்ந்து, கடைசியில் இந்த மரத்தைச் சபைக்கு நேர்ந்தவள். உண்ணி இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறான்.

"இது எதுக்கு டீச்சறே நம்பரு?" என்று விமலகுமாரி கேட்டாள்.

"படிப்புக்காக்கும் அக்கா."

"மரத்துக்குமா படிப்பு?" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அந்த ஊரில் மரத்தில் பெயிண்டால் நம்பர் போட்டால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். மரம் வாங்கும் தடிக்கடைக்காரன் அதை உறுதி செய்துவிட்டான், அறுக்கிற வாள் வரப்போகிறது. அங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும். ஆனால் பல்கலைக்கழக வாசலில் சில வருஷம் ஏறி இறங்கினால் ஊர் அறிவு செருப்போடு சேர்ந்து வெளியே கழன்றுவிடும் போலிருக்கிறது.

பத்து நாளில் பேச்சு பரவிவிட்டது. சபை நேர்ச்சை மரங்களை எடுத்து ஏலம் விடப் போகிறதாம். ஆலயத்துப் புதுப் போர்ட்டிக்கோவுக்குக் காசு பற்றவில்லையாம். டீச்சரை வைத்து மரம் எண்ணி முடித்தாயிற்றாம். பிறகென்ன? சபை வந்து வெட்டுவதற்குள் நாமே வெட்டிவிடலாம் என்று முதலில் ஒருவன் ஆளைக் கூப்பிட்டான். அவன் வெட்டுவதைப் பார்த்து அடுத்தவன் கூப்பிட்டான். இத்தனை வருஷம் யாரும் கத்தி வைக்கப் பயந்த மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

சுகிர்தபாய் பள்ளிக்கூடம் விட்டதும் வீடு வீடாக ஓடினாள். "லேலமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் படிக்கதுக்குப் போட்ட நம்பராக்கும்" என்று தொண்டை கட்டக் கத்தினாள்.

"படிக்கதுக்கு நோட்டுல்லா வாங்குவாவ, பெயிண்டா வாங்குவாவ?" என்று திருப்பிக் கேட்டார்கள். அவள் தலையில் அடித்துக்கொண்டு வந்தாள்.

சபைப் பொருளாளர் தேவகுமார் இருக்கிறாரே, அவர் அதற்கு மேலே. ஏலம் விடும் யோசனையே அதுவரை அவருக்கு இல்லை. ஊர் பேசிய பிறகுதான் வந்தது. வழியில் அவளை நிறுத்தி, "டீச்சர் செஞ்சது பெரிய உபகாரம். எது சபைக்குள்ள மரம்ணு ஒரு விவரமும் இல்லாமக் கெடந்துது. மிச்சம் நிக்கிறது விமலகுமாரிக்க மரம் மட்டுந்தான். நல்ல முத்தின தடியாக்கும். அதயாவது லேலத்துல விட்டு போர்ட்டிக்கோவத் தீத்துரலாம்" என்றார். கோபத்தில் அவள் விடுவிடென்று நடந்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை, எல்லாம் போய்விட்டது என்று சொல்லிப் பதிவை ரத்து செய்யத்தான் பஸ் ஏறினாள். பொருளாதார சார் கதையைக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது.

"இப்பம் விலை வந்நல்லோ டீச்சரே. மார்க்கெட் உள்ளே வந்தாச்சு. இது அசல் விஷயம். நான் கைடாக இருக்கேன்."

உடனே போனை எடுத்து சுற்றுச்சூழல் மேடத்திடம் பேசினார். மரம் நின்ற நிலையும் விழுந்த நிலையும் ஒரே ஆய்வில் கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று மேடத்துக்கும் மகிழ்ச்சி. இறையியல் ஐயாவும் விசுவாசம் தளர்வதைப் பற்றி ஒரு அத்தியாயத்துக்கு உதவுவதாகச் சொன்னாராம். மரங்கள் உயிரோடு நின்றவரை ஒருவருக்கும் வேண்டாம். சாய்ந்ததும் மூன்று துறையும் போட்டி போட்டுக்கொண்டு வருகிறது. இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

"அந்தக் கடைசி மரம் எப்பம் போகும்?" என்று சார் கேட்டார். "அதும் போய்க்கழிஞ்சு எழுதுங்க. அப்பத்தான் பூர்த்தியாகும்."

'இது அசல் விஷயம்' என்று அவள் காத்திருந்த வாக்கியம் வந்தேவிட்டது. திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் "ஓடம்புக்கு முடியலியா?" என்று விசாரிக்கும் அளவுக்கு அவள் முகம் சிவந்து கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைக்கூட்டம் கூடியது. தேவகுமார் எழுந்து, பதினேழாம் நம்பர் பிலாவை ஏலம் விடத் தீர்மானம் கொண்டுவந்தார். விமலகுமாரியிடம் கேட்டாயிற்று, நேர்ந்தது சபைக்குள்ளது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவளே சொல்லிவிட்டாள் என்றார்.

சுகிர்தபாய் எழுந்தாள். "அது நேர்ச்சை மரம் இல்ல. எனக்குத் தப்பிப்போச்சு."

"என்ன டீச்சர் சொல்லுதிய? ஊருக்கே தெரியுமே."

"தெரியும்ணா நேர்ந்தப்பம் கூட நிண்ணவங்க யாரு? எழும்பிச் சொல்லட்டு. எனக்க நம்பரு ஒண்ணுதான் சாட்சி. அது தப்புண்ணு நானே சொல்லுதேன்."

பின் பெஞ்சிலிருந்து ஒருவர் மெல்ல எழுந்தார். போன மாதம் தன் மரத்தை வெட்டி விற்றவர்.

"அப்பம் எனக்க மரத்துல போட்ட நம்பரும் தப்புதானே டீச்சர்?"

ஆமாம் என்று சொன்னால் ஆராய்ச்சிக்கு அஸ்திவாரமே போய்விடும். இல்லை என்று சொன்னால் விமலகுமாரியின் மரம் போய்விடும்.

"தப்புதான்" என்றாள்.

அவ்வளவுதான், மரத்தை வெட்டிவிட்டு இரவில் தூங்காமல் கிடந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். என்னுடையது? அவனுடையது? எல்லாம் தப்பு, எல்லாம் தப்பு என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். சபைக்கு நேர்ச்சை மரம் என்று ஒன்றும் கிடையாது என்று ஏகமனதாகத் தீர்மானம் எழுதிக் கையெழுத்தும் ஆயிற்று. அதற்கு மேல் அவள் எதை ஆராய்வது? வீட்டுக்கு வந்து ரெத்தினதாஸிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. "கஞ்சி குடி" என்று மட்டும் சொன்னான்.

மரம் பிழைத்ததைக் கேட்டு விமலகுமாரி ஓடி வருவாள் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. சாயங்காலம் வரத்தான் செய்தாள். முற்றத்தைத் தாண்டி ஏறவில்லை.

"எனக்க நேர்ச்ச, நேர்ச்சையே இல்லண்ணு சபையில வச்சுச் சொன்னீங்களா?"

"அக்கா, மரத்த வெட்டாம இருக்கதுக்காக்கும் நான்…"

"மரத்த ஆரு கேட்டா? வெட்டிக்கிட்டுப் போகட்டு, கர்த்தருக்குள்ளது அவரு எடுத்துக்கிடட்டு. என் பிள்ள மூச்சு விடாமக் கெடந்தப்பம் நான் குடுத்த வாக்கு அது."

"நான் உங்களுக்கு நல்லதுண்ணு நெனச்சு…"

"நீங்க சபைக்காரி. ஞாயித்துக்கிழம தோறும் போறீங்க, உங்களுக்க பேரு அங்க உண்டு." விமலகுமாரி தன் பிலாவைக் கை காட்டினாள். "உங்க கர்த்தருக்கு என்னை வேற எப்படித் தெரியும்? அந்த மரத்த வச்சுத்தானே டீச்சறே தெரியும்?"