முப்பத்தொன்றாவது புத்தகம்

மங்கம்மாள் தன் தம்பி மோகனுக்குப் போட்ட முதல் இலையை வேலிக்கு வெளியேதான் போட வேண்டியிருந்தது.

தை மாதம், பொங்கல் கழிந்து செத்தவர்களுக்குப் படைக்கிற நாள். வீட்டுக்குள் நாலு இலை. அப்பனுக்கு ஒன்று, அம்மாளுக்கு ஒன்று, தலைப்பிரசவத்தில் போன அத்தைக்கு ஒன்று, கரடி அடித்துச் செத்த சித்தப்பனுக்கு ஒன்று. ஐந்தாவது இலையை அவள் விரிக்கப் போனபோது பெரியப்பன் கோபால்சாமி கையை நீட்டித் தடுத்தார். ஊர்க்கவுண்டர் அவர். மங்கம்மாளின் அப்பனுக்கு மூத்தவர், அந்தக் குடியில் பெயர் சொல்லிப் படைக்கிற பொறுப்பும் அவருடையது.

"தானாப் போனவனுக்கு உள்ள இலை கெடையாது, மங்கா. உள்ள கூப்ட்டு சோறு போட்டா அவன் ஒண்டியாத் திரும்ப மாட்டான். தொணைக்கு ஒரு ஆளக் கூட்டிக்கினுதான் போவான்."

"அவன் தானாப் போவல பெரிப்பா. தேனுக்குப் போயிருப்பான்ங்க. கால் வழுக்கியிருக்கும்."

"தேனுக்குப் போறவன் கவுறு எடுத்துனு போவ மாட்டானா? வெறுங்கையோட அந்தக் கூகைப் பாறை மேல இன்னா வேலை?"

மார்கழியில் மூன்று நாள் காணாமல் போய், பாறைக்குக் கீழே ஆடு மேய்க்கிறவர்கள் கண்ணில்தான் மோகன் பட்டான். முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. மாணவர் விடுதி ஒன்றில் வாட்ச்மேன் வேலை. அவனிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் என்று ஊர் சொன்னது புத்தகம் படிப்பதைத்தான். படித்துப் படித்தே மூளை கலங்கிவிட்டது என்று இழவு வீட்டிலேயே பேசிக்கொண்டார்கள்.

"எனக்கு ஒரு வருஷம் குடுங்க. அவனுக்கு இன்னா ஆச்சின்னு நான் தெரிஞ்சிக்கினு வர்றேன்."

"நீ இன்னா போலீசா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரோ சிரித்தார்கள். கோபால்சாமி சிரிக்கவில்லை.

"கூடப் பொறந்தவ நீ. அடுத்த தைக்கு நீயே சொல்லு, உள்ளயா வெளியவான்னு. பொய் சொன்னா எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும்."

மோகன் விட்டுப் போனது ஒரு உரச் சாக்கு மூட்டை. உள்ளே முப்பத்தொரு புத்தகங்கள். விடுதியிலிருந்து வந்த மூட்டையை மங்கம்மாளின் புருஷன் அர்ச்சுனன் பரண் மேல் மாட்டுக்கு வைத்திருந்த சாமைத் தாளுக்குள் தள்ளி வைத்திருந்தான். மாசியில் அவள் அதை இறக்கினாள். அவன் தலைக்குள் போனதெல்லாம் இதற்குள்ளிருந்துதானே போயிருக்கும், அவன் நடந்த தடத்திலேயே நடந்து பார்ப்போம் என்று நினைத்தாள். வேறு வழியும் அவளுக்குத் தெரியவில்லை.

வாயைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்ததும் மேலாக இருந்தது செங்கல் பருமனுக்கு ஒரு புத்தகம். அதைப் பார்த்ததுமே பயம் வந்தது. எட்டாவது வரைதான் படித்தவள். இது கடைசியில் இருக்கட்டும் என்று அப்படியே தூக்கி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். மற்றவற்றை வாசலில் போட்டு ஒவ்வொன்றாக உதறினாள். தூசி, செத்த பூச்சி, காய்ந்த சாமைத் தாள் எல்லாம் உதிர்ந்தன. பரணில் கிடந்ததாயிற்றே என்று எல்லாவற்றையும் கூட்டி அடுப்பில் போட்டாள்.

முதல் புத்தகம் முடிய மாசி முழுவதும் ஆனது. உதடு அசைய, விரல் வைத்து, கூழ் காய்ச்சுகிற நேரத்தில் ஒரு பக்கம், புளி தட்டுகிற இடைவேளையில் ஒரு பக்கம். பனி கொட்டுகிற தேசத்துக் கதை அது. வண்டிக்காரன் ஒருவன் செத்த குதிரையை விட்டு வர மனமில்லாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். பனி என்றால் மார்கழிப் பனியைத்தான் அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவன் விரல் விறைத்தபோது இவள் விரலும் விறைத்தது.

"இன்னாடி, பரீட்சைக்கா போற?" என்றான் அர்ச்சுனன். "பாஸ் பண்ணா சொல்லு, மாலை வாங்கினு வர்றேன்."

"நீ போய் மாட்டப் பாருயா."

பங்குனிக்கு மேல் வேகம் பிடித்தது. கடலில் போன மகன்கள் திரும்பாத ஒரு தீவு. பஞ்சத்தில் விதைநெல்லைத் தின்றுவிட்டு அந்த வெட்கத்திலேயே பேச்சை விட்ட ஒரு கிழவன். இரண்டாயிரம் வருஷத்துப் பாட்டுகளுக்கு உரை எழுதிய ஒரு பழம் புத்தகம்; அதில் காட்டு வழியில் போனவனுக்காக ஒருத்தி சுவரில் கோடு போட்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணை மங்கம்மாளுக்கு நன்றாகத் தெரிந்தது. காட்டைத் தெரியும், வழியைத் தெரியும், அவன் திரும்பமாட்டான் என்பதும் தெரியும்.

எல்லாப் புத்தகத்திலும் பென்சில் கோடு இருந்தது. வரிக்குக் கீழே, மெல்லியதாக, கை நடுங்கியது போல. அந்தக் கோடுகள்தான் அவளைப் பிடித்து இழுத்தன. கோடு எங்கே வருகிறதோ அங்கே மோகன் நின்றிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டாள். வைகாசி வாக்கில் ஒன்று புரிந்தது. பூ, மழை, கல்யாணம் எதற்கும் கோடு இல்லை. யாராவது சாகிற இடத்தில் மட்டும்தான் கோடு இருந்தது.

அதற்குப் பிறகு வீடு பழைய வீடாக இல்லை. காலையில் சாமைக் கொல்லையில் கிளி ஓட்டப் போனால் வரப்பில் பனி தேசத்து வண்டிக்காரன் உட்கார்ந்திருப்பான். ஆற்றில் விழுந்த ஒருத்தியைப் பற்றிப் படித்த மறுநாள் குடத்தைத் தூக்கும்போது தண்ணீர் கனத்தது. பட்டப்பகலில் பரணிலிருந்து பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்கும். ஏறிப் பார்த்தால் எலிகூட இருக்காது. மோகன் படிக்கும்போது பக்கம் திருப்புவதற்கு முன் லேசாக இருமுவான். அந்த இருமலும் ஒருநாள் கேட்டது.

"கேட்டுச்சாயா?"

"இன்னாது?"

"ஒன்னுமில்ல."

அர்ச்சுனன் அவளையே பார்த்தான். கிண்டல் செய்வதை அவன் அன்றோடு நிறுத்திவிட்டான்.

ஆடியில் ஒடுகத்தூரிலிருந்து மகள் அன்பரசி போன் பண்ணினாள். முழுகாமல் இருக்கிறாள். மார்கழியில் பிரசவத்துக்கு இங்கே வருவாள். சந்தோஷத்தில் அழுதுகொண்டே மங்கம்மாள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். தை மாதப் படையல் அன்று நிறைவயிறோடு மகள் இந்த வீட்டுக்குள் இருப்பாள். தொணைக்கு ஒரு ஆளக் கூட்டிக்கினுதான் போவான் என்று பெரியப்பன் சொன்னது ஞாபகம் வந்தது. தம்பியை வெளியே விட்டால் அவன் காலத்துக்கும் வேலியோரம் பசியோடு நிற்பான். உள்ளே கூப்பிட்டு, அவன் தானாகப் போனவனாக இருந்துவிட்டால்?

கார்த்திகையில் முப்பதாவது புத்தகம். அதில் ஒரு வாத்தியார் மலை உச்சியில் போய் நிற்கிறார். அந்தப் பக்கம் முழுக்கக் கோடு. ஓரத்தில் அதே பென்சிலில் இரண்டு வார்த்தை: இதுதான் வழி.

மோகனின் கையெழுத்தை அவள் ரேஷன் அட்டையில் பார்த்ததோடு சரி. ஆனால் பாறை, உச்சி, வழி என்று எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. புத்தகத்தை மூடினாள். சாயங்காலம் அர்ச்சுனனிடம், "இந்த வாட்டியும் வெளியவேதான் போடணும்," என்றாள்.

மார்கழி பிறந்து, மகளுக்கு வேண்டிய சாமான் வாங்க ஆலங்காயம் இறங்கியபோது அந்தப் புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டாள். மோகன் புத்தகம் வாங்குகிற பழைய பேப்பர் கடை அவளுக்குத் தெரியும். இதை வாங்கிய அன்று அவன் முகம் எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். தம்பி பேரைச் சொல்லி நீட்டியதும் கடைக்காரர் கண்ணாயிரம் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"வாட்ச்மேன் தம்பியோட அக்காவா நீ? நல்ல புள்ளம்மா. சாக்குல மொத்தமா வாங்கினு போச்சி."

"இந்தக் கோடு போட்டத நீங்க பார்த்தீங்களாங்க? வாங்கும்போதே மனசு சரியில்லாம இருந்தானா?"

"கோடா? இது அது போட்ட கோடு இல்லம்மா. வாணியம்பாடில ஒரு சார் வூட்ல எட போட்டு எடுத்தது இதெல்லாம். பொண்டாட்டி போனப்புறம் பத்து வருஷம் படுக்கையிலயே கெடந்து போய்ச் சேந்தாராம். பொழுதன்னைக்கும் பென்சிலும் கையுமா இருப்பாராம். இரு, மிச்சம் கெடக்குது."

குவியலின் அடியிலிருந்து இரண்டு புத்தகங்களை உருவிப் போட்டார். மோகன் கை படாத புத்தகங்கள். உள்ளே அதே நடுங்கின கோடு. ஒன்றின் ஓரத்தில் அதே எழுத்தில், இன்னும் எத்தனை நாள், என்று இருந்தது.

மங்கம்மாள் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பதினோரு மாதம் முகம் தெரியாத ஒரு மனிதனின் துக்கத்துக்குப் பின்னால் நடந்திருக்கிறாள். கொல்லையிலும் பரணிலும் கூடவே இருந்தவர் அவர்தானா? அப்படியென்றால் தம்பி எங்கே? இந்த முப்பது புத்தகத்தில் அவன் ஒரு இடத்திலும் இல்லையா?

மலை ஏறுகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். ஊருக்கு முந்தின வளைவில் ஒற்றையடிப் பாதையோரம் யாரோ அறுத்து வைத்த புல் கட்டு ஒன்று கிடந்தது. மேலே ஒரு புல் தாளை வளைத்து இரட்டை முடிச்சுப் போட்டுச் செருகியிருந்தார்கள். மலைமேல் எல்லாரும் செய்கிறதுதான். தேன் கூட்டைப் பார்த்து வைத்தவன் மரத்தில் முடிச்சுப் போடுவான், விறகு பொறுக்கியவள் கட்டின் மேல் போடுவாள். ஆள் வருது, தொடாதே என்று அர்த்தம். அடுத்தவன் முடிச்சை யாரும் அவிழ்க்கமாட்டார்கள். வருகிற எண்ணம் இல்லாதவன் போடவும் மாட்டான்.

வளைவு தாண்டிக் கொஞ்ச தூரம் வந்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. மாசியில் உதறிக் கொட்டிய சாமைத் தாளிலும் முடிச்சு இருந்தது. ஒன்றிரண்டு இல்லை, புத்தகத்துக்கு ஒன்றாக. பரண் குப்பை என்று அடுப்பில் போட்டாளே! தம்பி அங்கேதான் இருந்திருக்கிறான். அவனைத்தான் உதறிவிட்டு யாரோ ஒருவரின் பென்சில் கோட்டைப் படித்திருக்கிறாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பையை வீசிவிட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் கையை விட்டாள். அந்தத் தடித்த புத்தகம். மூட்டையில் மேலாக இருந்தது, அவன் கையிலிருந்து கடைசியாக இறங்கியது. உதறவில்லை. குழந்தையை ஏந்துவது போல இரண்டு கையாலும் ஏந்தி மெல்லப் பிரித்தாள். எழுநூறு பக்கத்தில் இருநூற்றுப் பதினாறாவது பக்கம். ஒரு சாமைத் தாள், இரட்டை முடிச்சு. ஊரை விட்டுப் போன ஒருத்தன் வருஷங்கள் கழித்து வந்து தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான்; கதவு இன்னும் திறக்கவில்லை. அந்த இடத்தில் நிறுத்தியிருந்தான்.

"போய்ட்டு வர்றேன்னுதான்டா போயிருக்கே," என்றாள். அப்புறம்தான் அழுகை வந்தது. ஒரு வருஷத்து அழுகை.

தை வந்தது. கோபால்சாமி தன் மக்களோடு வந்து நின்றார். உள்ளறையில் அன்பரசி நிறைவயிறோடு சுவரில் சாய்ந்திருந்தாள். மங்கம்மாள் புத்தகத்தைத் திறந்தபடியே கொண்டுவந்து பெரியப்பன் முன்னால் நீட்டினாள். அவருக்கு எழுத்துத் தெரியாது. சாமைத் தாளைத்தான் பார்த்தார். கிட்டே குனிந்து முடிச்சின் வளைவைப் பார்த்தார்.

"யார் போட்டது?"

"மோகன்ங்க. கடைசியாப் படிச்ச எடம்."

"நீ தொட்டியா?"

"தொடலங்க."

அவர் நிமிர்ந்து உள்ளறைப் பக்கம் பார்த்தார்.

"பாறை மேல எதுக்குப் போனான்னு அவனுக்குத்தான் தெரியும்," என்றார். "ஆனா முடிச்சிப் போட்டவன் வர்ற எண்ணத்தோடதான் போயிருக்கான். எம் பேச்சு தப்பு. இலையப் போடு, உள்ளயே போடு."

ஐந்தாவது இலை சித்தப்பன் இலைக்குப் பக்கத்தில் விழுந்தது. கோபால்சாமி வரிசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கடைசியாக மோகன் பெயரையும் சொன்னார். ஆறாவதாக ஒரு சின்ன இலையை மங்கம்மாள் ஓரமாக வைத்தாள். அது யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. பெயர் தெரியாத அந்த வாணியம்பாடி சாரை அவள் வாய்க்குள்ளேயே கூப்பிட்டுக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து அன்பரசிக்குப் பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். குழந்தை தூங்குகிற மத்தியானங்களில் மங்கம்மாள் அந்தத் தடித்த புத்தகத்தின் மீதியைச் சத்தம்போட்டுப் படிக்கிறாள். முடிச்சுத் தாளை அசைக்காமல், அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து. கதவு திறந்ததா, உள்ளே யார் இருந்தார்கள் என்று தம்பிக்குத் தெரிய வேண்டாமா?

"யாருக்குப் படிக்கிற?" என்று கேட்டான் அர்ச்சுனன்.

"கேக்கறவங்களுக்கு."

தனக்கென்று அவள் அடையாளம் எதுவும் வைப்பதில்லை. மறுநாள் வந்து பார்க்கும்போது, விட்ட பக்கத்தில் புத்தகம் விரிந்தே கிடக்கிறது. மூடி வைத்ததாகத்தான் அவளுக்கு ஞாபகம்.