ஒரு சாண் பச்சை ஹோஸ்

என் மேசை இழுப்பறையில் ஒரு சாண் நீளப் பச்சை ஹோஸ் துண்டு கிடக்கிறது. வீட்டில் எத்தனையோ தடவை குப்பையில் போடப் பார்த்தார்கள், நான் விடவில்லை. நான் எம்புட்டுப் பெரிய வீரன் என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் ஒரு நூல் சாயப்பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தேன். கழிவுநீர் நீலமாகவே ஓடையில் இறங்குகிறது என்று புகார் போய், தெளியாவிட்டால் பட்டறைக்குச் சீல் என்று அதிகாரி சொல்லிவிட்டார். முப்பது பேர் பிழைப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் எங்கள் கெமிஸ்ட் அம்மா மட்டும் பதறவில்லை. தேங்காய்ச் சிரட்டைக் கரியைப் பழுக்கச் சுட்டு, நீராவி காட்டி, இடித்துக் கழுவி, ஒரு பீப்பாயில் நிரப்பினார். கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத பொந்துகள் ஏராளம், கழிவுநீரை இதன் வழியே விட்டால் சாயம் அதில் போய் ஒட்டிக்கொள்ளும் என்றார். கண்ணுக்குத் தெரியாததை நம்பி நிம்மதியாக இருக்கும் ஆளா நான்? அதிகாரி வரும் நாள் காலையில் முதல் ஆளாகப் போய், கிணற்று மோட்டாரிலிருந்து பச்சை ஹோஸை இழுத்து, பீப்பாயின் வெளிக்குழாயில் மறைவாகச் சொருகிவிட்டேன்.

வந்ததுமே அந்த அம்மா கண்டுபிடித்துவிட்டார்.

“இது என்ன அண்ணாச்சி?”

“ஒரு பாதுகாப்புக்கு மேடம்…”

“கரிய நம்பாட்டிப் போகுது, என்னைய நம்பலாம்ல?” என்று ஹோஸை உருவி என் கையிலேயே கொடுத்தார். அந்த நேரம் பார்த்தா அதிகாரி உள்ளே வர வேண்டும்!

வெளிக்குழாயில் கண்ணாடி டம்ளரைப் பிடித்தார் அதிகாரி. தெளிந்த தண்ணீர். டம்ளரைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

“கெணத்துத் தண்ணியா?”

பாம்பைப் பிடித்துவிட்டு விடத் தெரியாதவன் மாதிரி நின்றேன். அந்த அம்மா ஒரு பொய் சொல்லியிருந்தால் உடனே ஆமாம் போட்டிருப்பேன்.

“இவரு பயந்துபோய் மாட்டிவச்சாரு சார். நான்தான் கழட்டுனேன். நீங்களே தொட்டியிலருந்து ஒரு வாளி சாயத் தண்ணி மோந்து பீப்பாயில ஊத்துங்க. செத்த நேரம் நிக்கட்டும். பொறவு பாருங்க.”

அதிகாரி ஊற்றினார். அரை மணி நேரம். அதற்குள் நான் மூன்று தடவை பின்பக்கம் ஒதுங்கிவிட்டு வந்தேன். அந்த அம்மா டிபன் பாக்ஸைத் திறந்து நிதானமாக இட்லி சாப்பிட்டார். பிறகு குழாயைத் திறந்தார்கள். டம்ளருக்குப் பின்னால் அதிகாரியின் கைரேகை வரைக்கும் தெரிந்தது. “கரிய எப்ப மாத்துவீங்க?” என்று மட்டும் கேட்டார். “லேசா நெறம் தட்டுன அன்னைக்கே சார்.” சீல் வைக்கும் சாமான் பைக்குள் திரும்பிப் போனது.

சாயங்காலம் அந்த அம்மா ஹோஸில் ஒரு சாண் வெட்டி என்னிடம் நீட்டினார்: “வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. மறுபடி பயம் வந்தா ஊதிப் பாருங்க.” உண்மையைச் சொல்லிவிட்டு இட்லி சாப்பிட முடிந்த இன்னொருவரை நான் அப்புறம் பார்க்கவில்லை.

கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் என் மகள் இப்போது சாயத் தண்ணீரை நானோ கார்பன் குழாய்களால் தெளிய வைக்கிறாளாம். “முடியைவிட எத்தனையோ மடங்கு மெல்லிசுப்பா. கண்ணுக்கே தெரியாது” என்றாள்.

இழுப்பறையைத் திறந்து என்னுடையதை எடுத்துக் காட்டினேன்.

“இது என்னப்பா?”

“இதுவும் கண்ணுக்குத் தெரியாதுன்னுதான் நெனச்சேன்” என்றேன்.