அம்மா எடுத்துக்கொண்ட வேலை

அம்மாவை நான் முதன்முதலாகச் சுடிதாரில் பார்த்தது அவள் வேலையில் சேர்ந்த நாளன்று. நாற்பத்திரண்டு வயதுவரை சேலையைத் தவிர வேறெதையும் உடுத்தாதவள். பண்ருட்டி ஜவுளிக்கடை ஒன்றில் அவசரமாக வாங்கிய அந்தப் பழுப்புநிறச் சுடிதாரின் கை அவளுக்கு இறுக்கமாக இருந்தது. துப்பட்டாவை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் இரண்டு தோளிலும் ஊக்கு குத்திக்கொண்டாள். சுரங்கத்தில் கொடுத்த ஷூவின் முன்பக்கம் இடம் அதிகமாக இருந்ததால் அப்பாவின் பழைய பனியனைக் கிழித்துச் சுருட்டி உள்ளே திணித்திருந்தாள். அறையைவிட்டு வெளியே வந்து, "சரியா இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டாள். "நல்லாருக்கும்மா" என்றேன் நான். அண்ணன் டிபன் தட்டைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தான். அம்மா இன்னும் ஒரு நிமிடம் அங்கேயே நின்றாள். பிறகு சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஷிப்ட் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அப்பா சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியன். தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்காக நெய்வேலி வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பலாப்பழம் வாங்கப் பண்ருட்டிக்குப் போனார். பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அண்ணனுக்கு இருபது. அவன் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா வேலையில் இருக்கும்போதே போனதால் குடும்பத்தில் ஒருவருக்கு வாரிசு வேலை கிடைக்கும். அது யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. "பையன் இருக்கான், படிச்சிருக்கான். இதுல பேச என்ன இருக்கு?" என்று ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பா சொன்னார். அப்பாவின் பிள்ளை அப்பாவின் வேலைக்குப் போகிறான் என்று எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், பர்மனென்ட் என்ற ஒரே சொல்லுக்குள் குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, கல்யாணம், ஊரில் கிடைக்கும் மரியாதை எல்லாமே அடங்கியிருந்தது. அண்ணன் அப்பாவின் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விட்டு வைத்தான்.

ஒரு நாள் மதியம் அவனுக்கு ரசம் ஊற்றிக்கொண்டே அம்மா சொன்னாள்: "வேலைக்கு என் பேரை எழுதிக் குடுத்துட்டேன்."

அவனுக்குப் புரியவில்லை. "எந்த வேலைக்கு?"

"அப்பா வேலைக்கு."

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். "ஏம்மா?"

"பாப்பா சின்னப் பிள்ளை. நீ எப்படியும் பொழச்சுக்குவ."

மற்ற வாரிசுக்கு ஆட்சேபம் இல்லை என்று அவன் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அம்மா காகிதத்தை நீட்டியபோது அவன் படித்துக்கூடப் பார்க்கவில்லை. போட்டுக் கொடுத்துவிட்டுப் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வெளியே போனான். பெரியப்பா ஊரிலிருந்து போன் செய்து கத்தினார். "பெத்த பிள்ளை வயித்துல அடிச்சவ" என்றார். அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

அம்மா ஏன் அப்படிச் செய்தாள் என்பது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்பா இறந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில் என் பள்ளியில் சுற்றுலாவுக்குப் பெயர் கேட்டார்கள். நான் கொடுத்துவிட்டு வந்தேன். அண்ணனுக்குக் கோபம் வந்தது. "அப்பா போயி முப்பது நாள் ஆகல, உனக்கு டூர் கேக்குதா?" என்று தோழிகள் இருவர் வாசலில் நிற்கும்போதே கன்னத்தில் அறைந்தான். அன்றைக்குச் சாயந்திரம் அவன் பின்பக்கத் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து நண்பனோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். நான் சமையலறை ஜன்னலுக்கு உள்ளே நின்றிருந்தேன். அவன் சொன்னது இது: "வேலை கைக்கு வந்ததும் அம்மாவையும் பாப்பாவையும் ஊருக்கு அனுப்பிச்சுடணுமாம், பெரியப்பா சொல்றாரு. எனக்கு அங்க பொண்ணு பாத்து வச்சிருக்காராம். நான் முடியாதுன்னுட்டேன்டா. எங்க இருந்தாலும் மூணு பேரும் ஒண்ணாத்தான் இருப்போம்."

நான் அம்மாவிடம் போய்ச் சொன்னது இது: "வேலை கைக்கு வந்ததும் நம்ம ரெண்டு பேரையும் ஊருக்கு அனுப்பிச்சுடணும்னு அண்ணன் போன்ல பேசிக்கிட்டிருக்கான்."

சொன்ன எந்தச் சொல்லும் என் கற்பனை இல்லை. பாதியைச் சொன்னேன், மீதியை விட்டுவிட்டேன். அம்மா அவனைத் திட்டுவாள், அவன் முகம் சுருங்குவதைப் பார்க்கலாம் என்பதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. அவள் திட்டவில்லை. அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அரிசி களைந்துகொண்டிருந்தவள், தண்ணீரை வடித்துவிட்டு, மறுபடி தண்ணீர் விட்டு, மறுபடி களைந்தாள். இரண்டு நாள் கழித்து அப்பாவின் அலுவலகத்துக்குப் போனாள்.

அவள் வேலையில் சேர்ந்த அன்றைக்குச் சாயந்திரமே அண்ணன் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்தான். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து எங்களுக்குப் பால் கொண்டுவரும் பால்காரம்மாவின் வீட்டு நாய் போட்ட குட்டி. செம்மண் நிறம், ஒரு காது மட்டும் கருப்பு. பால்காரம்மா மறுநாள் காலையில் என்னிடம், "பயப்படாத பாப்பா. நீ வூட்ல தனியா இருக்கேன்னு உங்க அண்ணன்தான் கேட்டுகினே இருந்திச்சு. இது பெருசாச்சுன்னா ஒருத்தனும் உள்ள வர முடியாது" என்றாள். அம்மாவுக்கு ஷிப்ட், அவனுக்குக் கான்ட்ராக்ட் வேலை, நான் வீட்டில் தனியாக இருப்பேன் என்பதை யோசித்தவன் அவன்தான். ஆனால் அம்மா ஷூவைக் கழற்றிக்கொண்டே, "இது எதுக்கு?" என்று கேட்டபோது அவன் அதைச் சொல்லவில்லை.

"இந்த வீட்ல எனக்குன்னு ஒண்ணு வேணும்ல? பேரு பர்மனென்ட்" என்றான்.

பிளாக்கில் எல்லோரும் சிரித்தார்கள். பையன்கள் தெருவில் நின்று, "டேய் பர்மனென்ட்!" என்று கூப்பிடுவார்கள், அது வாலை ஆட்டிக்கொண்டு ஓடும். அம்மாவுக்கு நாய் என்றால் பயம். முதலில் கொஞ்ச நாள் தட்டைக் காலால் தள்ளித்தான் சோறு வைத்தாள். ஆனால் அந்த நாய் என்னிடமும் தங்கவில்லை, அண்ணனிடமும் தங்கவில்லை. அம்மாவிடம் ஒட்டிக்கொண்டது. முதல் ஷிப்ட் முடிந்து அவள் வரும் நேரம் அதற்கு எப்படியோ தெரியும். மதியம் இரண்டேகால் மணிக்கு எழுந்து முனைக்குப் போய் பஸ் நிற்கும் இடத்தில் உட்காரும். உடம்பெல்லாம் புழுதியோடு இறங்குபவளின் பையை முகர்ந்துகொண்டே கூட வரும். அவளும் மெல்ல மெல்ல அதனோடு பேச ஆரம்பித்தாள். அந்தப் பெயரை மட்டும் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. "தம்பி" என்றுதான் கூப்பிட்டாள்.

அண்ணனை அவள் அதுவரை கூப்பிட்டுவந்த பெயர் அது. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அவனை எதுவும் சொல்லிக் கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. ஒரு நாள் மதியம் அவன் உள்ளறையில் படுத்திருந்தான். அம்மா பின்பக்கம் நின்று, "தம்பி, சாப்பிட வாய்யா" என்றாள். அவன் சட்டென்று எழுந்து கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கதவுவரை வந்தான். நாய் தட்டை நக்கும் சத்தம் கேட்டது. அப்படியே திரும்பிப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த நான் எல்லாவற்றையும் பார்த்தேன். அப்போதாவது எழுந்து சொல்லியிருக்கலாம். எழுதிக்கொண்டிருந்த கணக்கைத்தான் முடித்தேன்.

அவனுடைய கான்ட்ராக்டருக்குச் சுரங்கத்தில் அம்மா இருந்த பகுதியிலேயே வேலை கிடைத்தபோது எல்லாம் இன்னும் மோசமானது. கூட வேலை செய்தவர்கள், "அம்மா பர்மனென்ட், புள்ள கான்ட்ராக்ட்டு" என்று விளையாட்டாகச் சொன்னார்களாம். ஒரு நாள் கேன்டீனில் அவன் நிற்பதைப் பார்த்து அம்மா இரண்டு டீயும் வடையும் வாங்கிக்கொண்டு போய் ஒன்றை நீட்டியிருக்கிறாள். அவன் எல்லோர் முன்னாலும், "யாருங்க நீங்க?" என்று கேட்டிருக்கிறான். அம்மா அதை வீட்டில் சொல்லும்போது சிரித்தாள். "ரெண்டு டீயையும் நானே குடிச்சேன். காசு குடுத்து வாங்குனது, எங்க கொண்டுபோய் வைக்க?" என்றாள். அடுத்த இரண்டு மாதத்தில் அவன் ஓமனுக்குப் போய்விட்டான்.

நான்கு வருடம் கழித்து, சொல்லாமல் ஒரு நாள் காலையில் வந்தான். அம்மா முதல் ஷிப்டில், நான் கல்லூரி விடுதியில். நாய் அவனைக் கேட்டுக்குள் கால் வைக்க விடவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறான். பிளாக் பையன்களும் அந்தப் பெயரை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்ததால் அது இன்னும் மூர்க்கமாகக் குரைத்திருக்கிறது. வெயிலில் பெட்டிமேல் உட்கார்ந்து மதியம் இரண்டரை மணிவரை காத்திருந்தான். அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தபோது, "நான் கொண்டாந்ததுதான். நல்லாத்தான் காவல் காக்குது" என்று சொன்னானாம். ஒரு மாத விடுப்பில் வந்தவன் ஒன்பதாம் நாள் கிளம்பிவிட்டான். பரீட்சை முடிந்து நான் விடுதியிலிருந்து வந்து சேர்ந்தபோது அவன் படுத்த பாய்கூடச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. நாய் பிறகு சில வருடம் இருந்து, வயதாகி, ஒரு மழைக்காலத்தில் செத்துப்போனது. அம்மா ஒரு நாள் லீவு போட்டாள். அவனுக்குச் சொல்லவில்லை.

அம்மாவின் அந்த வேலையில்தான் நான் படித்தேன், பி.எட். முடித்தேன், ஆசிரியை ஆனேன், எனக்குக் கல்யாணம் நடந்தது. அண்ணன் ஓமனில் வெல்டராக இருந்தான், பிறகு சூப்பர்வைசர் ஆனான். கல்யாணம் அவனாகச் செய்துகொண்டான். அம்மாவோடு அவன் பேசுவது பொங்கலுக்கு ஒரு முறை, தீபாவளிக்கு ஒரு முறை. அதுவும் என் போனில், நான் பக்கத்தில் இருக்கும்போது. என்னோடு மட்டும் எப்போதும் பிரியமாகவே இருந்தான். "பாப்பா எப்படி இருக்கே?" என்றுதான் தொடங்குவான். அந்தப் பிரியத்தை நான் ஒவ்வொரு முறையும் வாங்கிக்கொண்டேன்.

அம்மா ஓய்வு பெற்றதும் முத்தாண்டிக்குப்பம் சாலையில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனாள். நான் பண்ருட்டியில் இருப்பதால் சனிக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். போன வருடம் ஒரு சனிக்கிழமை, முந்திரிப்பருப்பை உடைத்து டப்பாவில் போட்டுக்கொண்டே தானாகச் சொன்னாள்: "அவன்கிட்ட அன்னைக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். என்னையும் இவளையும் ஊருக்கு அனுப்பணும்னு நெனச்சியாடான்னு. ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயம். அந்தப் பயத்துலயே கேக்காம விட்டுட்டேன்."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அவளிடம் சொல்லும் தைரியமும் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குப் போன் செய்து, துணி துவைக்கும் கல்லில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அறை வாங்கியதையும் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று, "அண்ணே?" என்றேன்.

"இருக்கேன்" என்றான். பிறகு, "அம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டான்.

"இல்லண்ணே."

"சொல்லாத. எம்மேல தப்புன்னு நெனச்சித்தான் அவங்க இத்தன வருஷம் தாங்கிக்கிட்டாங்க. இப்ப போயி தப்பே இல்லன்னு சொன்னா தாங்க மாட்டாங்க." அப்புறம், "வச்சிடறேன்" என்றான். பாப்பா என்று சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவன் அம்மாவின் போனுக்கே நேராகக் கூப்பிடுகிறான். ஒரு வாரமும் தவறுவதில்லை. மாத்திரை போட்டாளா, முழங்கால் வலி எப்படி என்று அரைமணி நேரம் பேசுகிறானாம். அம்மாவின் முகமே மாறிவிட்டது. "அவனுக்கு இப்பத்தான் மனசு ஆறியிருக்கு போல. நான் செஞ்சது சரிதான்னு புரிஞ்சிருக்கும்" என்கிறாள். என் போனை அவன் எடுப்பதில்லை. அனுப்பிய எதற்கும் பதில் இல்லை. போன சனிக்கிழமையும் அம்மா எனக்குக் காபி ஆற்றிக்கொண்டே ஆசையாகக் கேட்டாள்:

"உன்கிட்டயும் அடிக்கடி பேசுறானா?"

"பேசுறாம்மா" என்றேன்.