நாலு கட்டடத்துப் பிரதிநிதி

இமெல்டாவுக்கு அறுபத்தொரு வயது. முதியோர் இல்லமொன்றில் இருபத்தைந்து வருடமாக வேலை செய்து முழங்கால் தேய்ந்தவள். ஆனால் அவளை யாரும் அப்படி அறிமுகப்படுத்துவதில்லை. "இவதான் எங்கடை இமெல்டாக்கா, பகுதிச்சபையிலை இருக்கிறா" என்றுதான் சொல்வார்கள். அந்த நேரம் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். சும்மா இரு என்று கையை ஆட்டுவாள். கண் மட்டும் இன்னொரு தடவை சொல்லு என்று கேட்கும்.

ஒஸ்லோ நகரம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பகுதிக்கொரு சபை, நாலு வருடத்துக்கொரு தேர்தல். இமெல்டாவின் சபையில் பதினைந்து பேர். பெரிய பதவி என்று சொல்லிவிட முடியாது. மாதம் ஒரு கூட்டம், ஆறிப்போன கோப்பி, ஒரு தட்டில் திராட்சை. குழந்தைகளின் மருத்துவ நிலையம், முதியோர் பராமரிப்பு, நடைபாதை, பூங்கா என்று பேச்சுப் போகும். அந்தக் கூட்டத்துக்கு அவள் சேலைக்கு இஸ்திரி போட்ட அழகைப் பார்த்தால் ஐக்கிய நாடுகள் சபைக்குப் போகிறாள் என்று நினைப்பீர்கள்.

முதல் தடவை அவள் நின்றது 2011இல். கட்சிப் பட்டியலில் பன்னிரண்டாவது பெயர். இடத்தை நிரப்பப் போட்ட பெயர் என்று போட்டவர்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் இந்த நாட்டு உள்ளூர்த் தேர்தலில் ஒரு வசதி உண்டு. பட்டியலில் உள்ள எந்தப் பெயருக்கு நேரேயும் நீங்கள் புள்ளடி போடலாம்; புள்ளடி கூடினால் கீழே கிடக்கும் பெயர் மேலே வந்துவிடும். அவளுடைய கணவன் கிளெமென்ற் பஸ் ஓட்டுபவர், அதிகம் பேசாத மனிதர். அவர் ஒரு பெரிய மட்டையில் வாக்குச்சீட்டை அப்படியே வரைந்து, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தேநீர் மேசைக்குப் பின்னால் மாட்டிவிட்டார். றோல்ஸ் வாங்க வந்தவர்கள் எல்லாரும் பன்னிரண்டாவது பெயரைப் பாடமாக்கிக்கொண்டு போனார்கள். வாக்கு எண்ணி முடிந்தபோது இமெல்டா இரண்டாவது இடத்தில் இருந்தாள். கட்சிக்காரர்கள் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம்.

அப்போது, ரொம்மன் என்ற இடத்தின் ஓரத்தில் அவள் குடியிருந்த நாலு அடுக்குமாடிக் கட்டடங்களில் தமிழர் இல்லாத மாடி இல்லை. ஒரு வீட்டில் கறிவேப்பிலை முடிந்தால் கதவைத் தட்டி அடுத்த வீட்டில் வாங்கலாம். முதல் நற்கருணை, பூப்புனித நீராட்டு, சாவீடு எதுவென்றாலும் கதிரைகள் படியேறிப் போகும், படியிறங்கி வரும். யாருக்கு எந்தக் கடிதம் வந்தாலும் அது இமெல்டாவின் குசினி மேசைக்கு வந்து சேரும். அவள் கண்ணாடியைப் போட்டு வாசித்து, சபையில் கேட்க வேண்டியதைக் கேட்பாள். மூன்றரை மணிக்கே இருட்டிவிடும் மாரிகாலத்துக்கு, மெட்ரோ நிலையத்திலிருந்து கட்டடங்களுக்கு வரும் பாதையில் விளக்குப் போட வைத்தவள் அவள்தான். பனி உறைந்த சரிவுக்குச் சிறுகல் கொட்ட வைத்தவளும் அவள்தான். அந்த வருடங்களை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நெஞ்சு நிறையும். தன் வாழ்க்கையின் நல்ல காலம் அதுதான் என்று ஒளிக்காமல் சொல்வாள்.

2024 இலையுதிர் காலத்தில் மாநகர சபையிலிருந்து கடிதமாக ஒரு முன்மொழிவு வந்தது. பகுதியின் எல்லைக்கோடு கட்டடங்களுக்குப் பின்னால் போகிறது. அதைத் தள்ளி முன்னால் உள்ள பெருந்தெருவோடு போட வேண்டும் என்று. வரைபடத்தில் அது ஒரு விரற்கடை. ஆனால் அந்த விரற்கடைக்குள் நாலு கட்டடமும் பக்கத்துப் பகுதிக்குப் போய்விடும். இமெல்டாவும் போய்விடுவாள். பகுதியில் குடியிருப்பவர்தான் அதன் சபையில் இருக்கலாம். கோடு நகர்ந்தால் புதுவருடத்தோடு அவளுடைய இடம் காலி.

"என்ரை ஆக்களைக் கேளாமல் கோடு கீறுவினமோ?" என்று கொதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"ஆக்களைக் கேக்கத்தானே கடிதம் அனுப்பியிருக்கினம்," என்றார் கிளெமென்ற்.

கேட்டுவிடுவோம் என்று அடுத்த சனிக்கிழமையே தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தாள். எல்லையை மாற்றாதே என்று தலைப்பு. கீழே பெயர், முகவரி, கையொப்பம். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. "அக்கா, உங்களுக்கு இல்லாமல் ஆருக்கு?" என்று வரிசையில் நின்று போட்டார்கள். வேறு நகரமான திராமனிலிருந்து மச்சாளைப் பார்க்க வந்தவர்கூடப் போட்டுவிட்டுப் போனார். மொத்தம் இருநூற்று முப்பத்தொன்று. இமெல்டா அதை ஒரு பச்சை உறையில் வைத்து, சபைத் தலைவி ஹன்னாவின் கையில் நேரே கொடுத்தாள்.

ஹன்னா நல்ல மனுஷி, பதின்மூன்று வருடப் பழக்கம். நாலு நாள் கழித்து இமெல்டாவைத் தனியே கூப்பிட்டாள். முகவரிப்படி பிரித்த ஒரு தாள் அவள் முன்னால் இருந்தது.

"இமெல்டா, இதில் அந்த நாலு கட்டடத்தில் குடியிருப்பவர்கள் பதினேழு பேர். அதில் இரண்டு பேர் நீயும் உன் கணவனும்."

இமெல்டா தாளை வாங்கிப் பார்த்தாள். பாதிப் பேருக்கு மேல் லோறன்ஸ்கூக். நகர எல்லைக்கு வெளியே, தோட்டமும் கராஜும் உள்ள வரிசை வீடுகள். அவள் மகன் மார்க்கஸின் கையொப்பமும் அங்கேதான் இருந்தது. இத்தனை பேரும் ஒவ்வொருவராக வீடு விற்றுப் போனபோது புதுமனைக்குக் குக்கர் வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். ஆனால் சனிக்கிழமை தவறாமல் அதே முகங்களைக் கண்டதால், அவர்கள் போய்விட்டார்கள் என்பது அவளுக்கு உறைக்கவேயில்லை. வெட்கத்தில் காது சுட்டது. பச்சை உறையைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்து, உடுப்பும் மாற்றாமல், தன் கட்டடத்தின் கதவுகளைத் தட்டத் தொடங்கினாள். முதலாவது கதவை ஒரு போலந்துக்காரன் திறந்தான். அவனுக்கு அப்படி ஒரு சபை இருப்பதே தெரியாது. கீழ்மாடியில் எரித்திரியாக்காரி ஒருத்தி, கையில் ஒரு பிள்ளை, இடுப்பில் ஒன்று. மூன்றாம் மாடியில், தன் வீட்டுக்கு நேர் மேலே, ஒரு தமிழ்ப் பெண் கதவைத் திறந்தாள். கோயம்புத்தூர்க்காரி, கணவனுக்குக் கணினி வேலை, தோளில் கைக்குழந்தை.

"யாருங்க நீங்க?"

"நான் கீழை இருக்கிறனான் பிள்ளை. உங்கடை பகுதிச்சபை உறுப்பினர்."

"அப்படியா? நமக்குன்னு ஒருத்தங்க இருக்காங்களா? உள்ள வாங்க ஆன்ட்டி."

எல்லை விஷயத்தை இமெல்டா சொல்லி முடிக்குமுன்னரே அந்தப் பெண் பின்பக்க ஜன்னலடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "அதோ பாருங்க, நம்ம கட்டடத்துக்குப் பின்னால அந்த மஞ்சக் கட்டடம். குழந்தைங்களுக்கு ஊசி போடற எடம். நடந்தா அஞ்சு நிமிஷம். ஆனா அது வேற பகுதியாம், நாங்க அங்க போகக் கூடாதாம். பஸ், அப்புறம் மெட்ரோ, அப்புறம் ஏத்தம். போன ஜனவரில பனியில வண்டியைத் தள்ளிட்டு ரெண்டு தடவ விழுந்தேன். கோடு மாறினா இது எங்களுக்குக் கெடைக்குமா?"

"கிடைக்கும்," என்றாள் இமெல்டா.

"அப்ப நீங்க அதுக்குத்தான வோட்டுப் போடுவீங்க?"

இமெல்டா தேநீரைக் குடித்துவிட்டு எழும்பினாள். ஒன்பது நாள் எடுத்தது நாலு கட்டடமும் முடிய. பிள்ளை வண்டி நின்ற ஒவ்வொரு வாசலிலும் அதே கதைதான் வேறு வேறு பாஷைகளில். தன் தலைக்கு மேலே ஒரு குழந்தை ஒரு வருடமாக அழுதிருக்கிறது. அது யாருடைய குழந்தை என்று தான் ஒருநாளும் படியேறிப் பார்க்கவில்லை என்பதுதான் அவளை அதிகம் வருத்தியது.

வாக்கெடுப்பு நவம்பர் கடைசியில். பகுதிச்சபையின் முடிவை அப்படியே ஏற்பதாக மாநகர சபை சொல்லியிருந்தது. எதிர்க்கப் போவது ஏழு பேர், ஆதரிக்கப் போவது ஏழு பேர் என்று கட்சிகள் முன்பே சொல்லிவிட்டன. பதினைந்தாவது இமெல்டா. அவள் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. தன் கதிரையைத் தானே உடைப்பவர் உண்டோ என்று நினைத்திருப்பார்கள். கூட்டத்தில் இருக்கும் உறுப்பினர் வாக்களிக்காமல் ஒதுங்கவும் முடியாது, அது சட்டம்.

"ஆதரிப்பவர்கள்," என்றாள் ஹன்னா.

இமெல்டா கையை உயர்த்தினாள். ஹன்னா எண்ணிக்கொண்டு வந்து அவளிடம் நின்றாள். "இது ஆதரவு வாக்கு, இமெல்டா," என்று மெதுவாகச் சொன்னாள்.

"தெரியும்," என்றாள் இமெல்டா. எட்டு என்று எழுதி முடிக்கும்வரை அவள் கையை இறக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல் கட்டிலில் இருந்து அழுதாள். பெரிய மனசு பண்ணினேன் என்ற சந்தோஷமெல்லாம் இல்லை. பதின்மூன்று வருடம் போய்விட்டதே என்ற துக்கம்தான். கிளெமென்ற் பக்கத்தில் வந்து இருந்தார். "நீர் சரியாத்தான் செய்தனீர்," என்றார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு நீண்ட பேச்சு.

விஷயம் லோறன்ஸ்கூக்குக்குப் போய்ச் சேர அதிக நேரம் எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு மார்க்கஸ் தொலைபேசியில் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, இனி உங்களை அங்கை பிடிச்சு வைக்க ஒண்டுமில்லைத்தானே. வீட்டை வித்துப்போட்டு இஞ்சாலை வாங்கோ. எங்கடை தெருவிலையே ஒண்டு விலைக்கு நிக்குது."

"பாப்பம்," என்றாள் இமெல்டா.

"என்னத்தைப் பாக்கிறது? எல்லாரும் இஞ்சைதானே வந்திட்டம். அங்கை இப்ப எங்கடை ஆக்கள் ஆர் இருக்கினம், சொல்லுங்கோ பாப்பம்."

அவன் வாயடைக்கத்தான் கேட்டான். ஆனால் இமெல்டா கேள்விக்குப் பதில் சொன்னாள்.

"மேலை ஒரு கோயம்புத்தூர்ப் பிள்ளை இருக்கிறா, கைக்குழந்தையோடை. கீழை எரித்திரியாக்காரி, அவவுக்கு ரெண்டு. முன் கதவிலை ஒரு போலந்துப் பொடியன், பாவம், தனிய. மற்றக் கட்டடத்து ஆக்களையும் சொல்லட்டோ?"