பொட்டு வைத்த சிடி

அருள்ராஜுக்குக் கோபம் வர வேண்டுமென்றால் ஒரு சிடியின் பளபளக்கிற பக்கத்தில் விரலை வைத்தால் போதும். பே கோபுரத் தெருவில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கடை அவருடையது. ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துக் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, சிடியில் ஏற்றிக் கொடுத்தவர். இப்போது பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கிறார். கோபம் மட்டும் குறையவில்லை.

அந்த நாளில் சிடி வாங்க வந்தவர்களை அவர் லேசில் விடமாட்டார். ஓரத்தைப் பிடி, வெயில் படாமல் வை, பெட்டியில் போட்டு நிமிர்த்தி வை என்று பத்து நிமிஷம் பாடம் நடக்கும். துடைப்பதற்குத் தனி வசனமே வைத்திருந்தார்.

"கிரிவலம்லாம் மலைக்குத்தாங்க. சிடிய சுத்திச் சுத்தித் தொடைக்காதீங்க. நடுவுலேர்ந்து வெளிய நேரா இழுங்க."

கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். வந்தவர்கள் நன்றாகத் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போனதும், புதுப் பொருளாயிற்றே என்று சிடிக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைப்பார்கள். அதுவும் முகம் தெரிகிற பளபளப்புப் பக்கத்தில்தான். பிறகு படம் நின்று நின்று ஓடுகிறது என்று இவரிடமே சண்டைக்கு வருவார்கள். அருள்ராஜ் குதிப்பதைப் பார்க்க நான் கடையைப் போட்டது போட்டபடி ஓடுவேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

போன மாதம் கீழ்பென்னாத்தூரிலிருந்து மணிமொழி வந்தார். பதினெட்டு வருஷத்துக்கு முன் அருள்ராஜ் எடுத்த அவருடைய கல்யாண சிடி கையில் இருந்தது. அதில் காசு அகலத்துக்குக் காய்ந்த குங்குமம்.

"அம்மா வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு பொட்டு வச்சிட்டாங்கண்ணா. வீட்டுக்காரரு சுரண்டலாம்னாரு, நான்தான் வுடல. தை மாசம் அப்பா தவறிட்டாரு. அவரு கொரலு வேற எதுலயும் இல்லண்ணா. ஒரு தடவ கேட்டா போதும்."

நான் வழக்கமான குதிப்பை எதிர்பார்த்தேன். அருள்ராஜோ சிடியின் ஓரத்தைப் பிடித்து வாங்கிக்கொண்டார். தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு கலந்தார். குங்குமம் ஊறியதும் பழைய பனியன் துணியால் நடுவிலிருந்து வெளியே, நேராக, மெதுவாகத் துடைத்தார்.

"என்னய்யா ஆச்சி உனக்கு?" என்று காதோரம் கேட்டேன்.

"பொட்டு போயிடும்யா. ஆனா நான் படம் பூரா சினிமா பாட்டு போட்டுட்டேனே. அப்ப அதான பேஷன். யாரு பேசறதும் கேக்காது."

சிடி பழைய கம்ப்யூட்டரில் ஓடியது. மணிமொழியின் அப்பா முருகையன் தோளில் துண்டோடு எல்லோரையும் கைகூப்பி வரவேற்றார். வாய் அசைந்தது. கேட்டது பாட்டு.

"சத்தம் ஜாஸ்தி வைங்கண்ணா."

வைத்தார். பாட்டுதான் ஜாஸ்தியானது. அருள்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்கம்மா பொட்டு ஒண்ணும் பண்ணலம்மா. நான்தான் பாட்டப் போட்டு உங்கப்பாவ அழிச்சிட்டேன்."

மணிமொழி படத்தை நிறுத்த விடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசி வரை பார்த்தார். பாட்டு முடிந்தது. படம் இன்னும் சில விநாடி மிச்சமிருந்தது. அன்று அருள்ராஜ் கேமராவை அணைக்காமல் கையில் சாய்த்துப் பிடித்திருக்கிறார் போல. திரையில் பந்தல் துணி மட்டும் தெரிந்தது. பாத்திரச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல் வந்தது.

"தம்பி, கேமராவ வச்சிட்டு வாப்பா. காலையிலேர்ந்து நின்னுக்கினே இருக்க. உனக்கு எல போட்டு வச்சிருக்கேன்."

"அப்பா" என்று மணிமொழி திரையைத் தொட்டார். திரும்பத் திரும்ப அதையே போடச் சொன்னார். நாலாவது முறை போட்டுவிட்டு அருள்ராஜ் மணிமொழி பக்கம் திரும்பினார்.

"அடுத்த முகூர்த்தத்துக்கு நேரமாச்சின்னு அன்னைக்கு நான் சாப்புடாமயே போயிட்டேம்மா."