கான்டெசாவின் இடதுபக்கக் கதவு

இது கட்டிச் சொல்கிற கதை அல்ல. வண்டி இப்போதும் மதுரை வில்லாபுரத்தில் ஹரிஷ்குமார் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. இடதுபக்க முன்கதவு மட்டும் உள்மூடி இல்லாமல் வெறும் தகரமாக இருக்கும். யாரும் போய்ப் பார்க்கலாம். தொடுவது அவரவர் துணிச்சல்.

ஹரிஷ்குமார் ஒரு சாயப்பட்டறையில் மேற்பார்வையாளன். பேய் பிசாசு என்றால் சிரிப்பான். பழைய கார் என்றால் மட்டும் புத்தி தடுமாறிவிடும். பேரையூரில் தங்கப்பாண்டி என்பவன் வீட்டில், தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த கான்டெசாவைப் பார்த்தவன், அன்றைக்கே பேசி முடித்துவிட்டான். அது தங்கப்பாண்டியின் அப்பா வெள்ளைத்துரை ஓட்டிய வண்டி. அவர் இறந்து ஒரு வருடமாகியிருந்தது. மனைவி ஸ்வர்ணாவுக்கு ஏழாவது மாதம். இனி ஆட்டோவில் குலுங்காமல் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்பது இவன் கணக்கு.

எஞ்சினைச் சரிபார்த்து ஓட்டி வந்த பிறகு வண்டியில் மிஞ்சிய ஒரே குறை, இடது கதவின் உட்புறப் பிளாஸ்டிக் பலகை. மெக்கானிக்குகள் டோர் பேட் என்பார்கள். அதன் முதுகில் விரல்நுனி அளவில் முளைகள் இருக்கும். அவைதான் பலகையைக் கதவோடு பிடித்து வைப்பவை. பேரையூர் வெயிலில் முப்பது வருடம் வெந்த பிளாஸ்டிக். முளைகள் எல்லாம் முறிந்து, பலகை லொடலொடவென்று ஆடியது.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் பாயை விரித்து உட்கார்ந்தான். பால்பென் குழாயைச் சின்னச் சின்னதாக வெட்டி, முறிந்த முளைமேல் நிறுத்தி, உள்ளே ஆப்பசோடாவை நிரப்பி, உடனே ஒட்டும் பசையில் இரண்டு சொட்டு விட்டான். சுர்ரென்று புகை வந்தது. மறுநொடி கல்.

“நாலு முடிஞ்சுச்சு. இன்னும் கொஞ்சம் சோடா குடு.”

“இருந்ததே அம்புட்டுத்தான். நாளைக்கு ஆப்பம் கேளுங்க, கார் கதவைக் கரைச்சு ஊத்தித் தாரேன்,” என்றாள் ஸ்வர்ணா. வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். சண்டைக்கு மட்டும் மதுரைத் தமிழ்.

வேறு பொடி ஏதும் கிடைக்குமா என்று வண்டியின் டாஷ்போர்டு லாக்கரைக் குடைந்தான். சாமி படத்துக்குப் பின்னால் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. உள்ளே சாம்பல் நிறப் பொடி. எந்த வண்டியில்தான் திருநீறு இல்லை? முதலில் ஒரு சிட்டிகை எடுத்துத் தன் நெற்றியில் பூசினான். ஸ்வர்ணாவுக்கும் பூசிவிட்டான்.

“என்னங்க இது, நறநறன்னு இருக்கு?”

“ஊர்ப்பக்கத்துத் திருநீறு அப்படித்தான் இருக்கும்.”

மீதி மூன்று முளைகளுக்கும் அதையே நிரப்பினான். சோடாவைவிடச் சீக்கிரமாக இறுகியது. புகையில் மட்டும், முடி கருகுகிற வாடை.

அன்று மாலை மழை. வண்டி முழுக்கச் சில்லிட்டுக் கிடந்தது. டோர் பேட் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல்காரன் முதுகைப் போல. பசையின் சூடு என்று நினைத்துக்கொண்டான். பசையின் சூடு ஒரு நிமிடத்தில் ஆறிவிடும் என்பது அவனுக்கே தெரியும்.

செவ்வாய்க்கிழமை, ஓட்டிப் போகும்போது கதவுக்குள் ஒரு சத்தம். க்ஹும்... யாரோ தொண்டையைச் செருமுவது போல. நிறுத்தினால் இல்லை. கிளம்பினால்... க்ஹும்.

வெள்ளிக்கிழமை. காமராஜர் சாலை. ஆஸ்பத்திரி வாசல். மணி பன்னிரண்டு பத்து. உச்சி வெயில்.

இறங்கிச் சுற்றி வந்து ஸ்வர்ணா பக்கக் கதவை இழுத்தான். வரவில்லை.

“உள்ளேருந்து திற.”

“திறந்துக்கிட்டுத்தான் இருக்கேன்...”

கண்ணாடியை இறக்கும் கைப்பிடியைச் சுற்றினாள். அது வெறுமனே சுற்றியது.

ஓடிப்போய் வலதுபக்கக் கதவு வழியாகத் தலையை நுழைத்தான். உள்ளே அடுப்புக்குள் இருப்பது போல் அனல்.

“இந்தப் பக்கமா நகர்ந்து வா.”

“முடியலைங்க. தோளைப் பிடிச்சிருக்கு.”

“பெல்ட்டைக் கழட்டு.”

“பெல்ட் போடலை.”

பார்த்தான். பெல்ட் ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் இடது தோளில் சேலை அமுங்கியிருந்தது.

நாலு விரல் அகலத்துக்கு...

அவளைத் தாண்டிக் கையை நீட்டி, டோர் பேட்டின் விளிம்பைப் பிடித்து இழுத்தான்.

டக்.

இன்னும் இழுத்தான்.

டக்.

கதவு தானாகத் திறந்துகொண்டது.

குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பிடி விடவில்லை என்றாள் ஸ்வர்ணா. படுத்தாலும் விடவில்லை. அவள் சாப்பிடவும் இல்லை.

ஹரிஷ்குமார் பேரையூருக்கு ஃபோன் போட்டான்.

“தம்பி, இடது கதவுல முன்னாடி ஏதும் கோளாறு இருந்துச்சா?”

“இல்லையேண்ணே,” என்றான் தங்கப்பாண்டி. “நானே கூப்பிடணும்னு இருந்தேன். லாக்கர்ல சாமி படத்துக்குப் பின்னாடி ஒரு டப்பா இருக்கும். எடுத்து வைங்க, நாளைக்கு வாரேன்.”

“அந்தத் திருநீறு டப்பாவா?”



“அது எங்கப்பாண்ணே.”

ராமேஸ்வரத்தில் கரைக்க எடுத்து வைத்த அஸ்தி. வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று வண்டியில் வைத்தார்கள். வண்டி படுத்துவிட்டது. அண்ணன் கரைத்திருப்பான் என்று தங்கப்பாண்டியும், தம்பி கரைத்திருப்பான் என்று அவன் அண்ணனும் ஒரு வருடம் இருந்துவிட்டார்கள். வண்டியை விற்ற பிறகுதான் இருவருக்கும் விஷயம் தெரிந்தது.

ஹரிஷ்குமாரின் கை தானாக நெற்றிக்குப் போனது.

அன்றே டோர் பேட்டைக் கழற்றி, ஏழு முளைகளையும் குறடால் முறித்தெடுத்தான். எது சோடா, எது அவர் என்று தேட வேண்டியிருக்கவில்லை. மூன்று மட்டும் சுட்டன.

மறுநாள் வந்த தங்கப்பாண்டி திட்டவில்லை. மூன்றையும் டப்பாவோடு சேர்த்து ஒரு துண்டில் முடிந்துகொண்டான்.

“சீக்கிரம் கரைச்சிருங்க தம்பி,” என்றாள் ஸ்வர்ணா. “என்னால தாங்க முடியலை.”

ஞாயிறு காலை ராமேஸ்வரத்திலிருந்து ஃபோன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான். அலைச் சத்தம். ஸ்வர்ணா தோளைப் பிடித்தபடி பக்கத்தில் வந்து நின்றாள்.

“அண்ணே... டப்பாவுல மிச்சமிருந்தது கரைஞ்சுருச்சு. இந்த மூணும் கரைய மாட்டேங்குது. எம்புட்டுத் தூரம் எறிஞ்சாலும் அலை கொண்டாந்து காலடியில போடுது.”

பசை போட்டு இறுக்கியது. தண்ணீரில் எப்படிக் கரையும்?

“இன்னொரு தடவை எறிங்க தம்பி.”

அலை.

“போயிருங்கப்பா,” என்று தங்கப்பாண்டி கடலைப் பார்த்துக் கெஞ்சுவது கேட்டது. “போயிருங்க...”

அலை.

பிறகு ஒரு கிழட்டுக் குரல். மிக நிதானமாக.

“வாரேன்.”

மதுரைப் பக்கம், போகிறவர் சொல்வதும் அதுதான். வருகிறவர் சொல்வதும் அதுதான்.

“தம்பி... பக்கத்துல யாரு, பெரியவரு?”

“யாருமில்லையேண்ணே. நான் தனியாத்தான் நிக்கிறேன்.”

ஹரிஷ்குமார் திரும்பினான்.

“இப்ப தோள்ல இல்லைங்க,” என்றாள் ஸ்வர்ணா.

அவள் கை வயிற்றின்மேல் இருந்தது.